கவர்னரைக் கட்டிப் போட்ட கதை

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் கள்ளக்குறிச்சியிலிருந்து என் தங்கை டெலிபோனில் கூப்பிட்டாள். "அண்ணா, உடனே புறப்பட்டு வா. நீ வந்து பேசினால்தான் இந்த வீட்டில் அடுப்பு எரியும்" என்றாள்.

விஷயம் இதுதான். அவள் பிள்ளை எலெக்ட்ரிகல் என்ஜினீயரிங் படிக்கிறான். மற்றப் பாடங்களிலெல்லாம் தேறிவிட்டான். ஒரே ஒரு பாடத்தில் மட்டும் மூன்று தடவை பரீட்சை எழுதி, மூன்று தடவையும் விழுந்துவிட்டான். பாடத்தின் முழுப் பெயரைத் தங்கையால் சொல்ல முடியவில்லை. "ஏதோ கன்ட்ரோலாம்! இவன் அப்பாவுக்கோ கோபத்தில் கன்ட்ரோலே இல்லை" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

என் மாப்பிள்ளை கள்ளக்குறிச்சியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கிணற்று மோட்டார் எரிந்து போனால் சுற்று வட்டாரத்துக் குடியானவர்கள் அவரிடம்தான் கொண்டு வருவார்கள். "படித்தது போதும், கடைக்கு வந்து கம்பி சுற்று" என்பது அவர் கட்சி. "இன்னும் ஒரே தடவை எழுதுகிறேன், அப்புறம் மேலே படிப்பேன்" என்பது பையன் கட்சி. இந்த வழக்குக்கு நீதிபதி நான்! பள்ளிக்கூடத்துக் கணக்கில் முப்பத்தைந்து மார்க்கு வாங்கித் தப்பித்து, கதை எழுதிக் காலம் தள்ளுகிறவனிடம் என்ன நியாயத்தை எதிர்பார்த்தார்களோ, தெரியவில்லை.

அன்றிரவு பையனின் புஸ்தகத்தை வாங்கிப் பிரித்தேன். பக்கத்துக்குப் பக்கம் கிரேக்க எழுத்துக்கள் எறும்புச் சாரி போல் போய்க்கொண்டிருந்தன. பயந்து போய் மூடிவிட்டு, "இதெல்லாம் வேண்டாமடா. உன் அம்மாவுக்குச் சொல்வது போல் எனக்குச் சொல். இந்தப் பாடம் எதைப் பற்றியது?" என்று கேட்டேன்.

"ஒரு காரியம் செய்யறோம் மாமா. அது நாம நினைச்ச மாதிரி நடக்குதான்னு பார்க்கறோம். எவ்வளவு தப்பாப் போச்சோ அந்தத் தப்பையே எடுத்துத் திரும்ப உள்ளே அனுப்பி, காரியத்தைத் திருத்திக்கறோம். இதுக்குப் பேர்தான் பின்னூட்டம்."

"இவ்வளவுதானா? இதற்கா மூன்று தடவை?"

"திருத்தறது சுலபம் மாமா. திருத்தப் போய்க் கெடுக்காம இருக்கணுமே, அதுதான் பாடம்."

இப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்லத் தெரிந்தவனை எந்த வாத்தியார் பெயிலாக்கினார் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அப்புறம் தூக்கமும் வரவில்லை.

மறுநாள் காலையில் அவனை அழைத்துக்கொண்டு கச்சிராயபாளையம் பஸ் ஏறினேன். கல்வராயன் மலையின் காலடியில் கோமுகி அணை இருக்கிறது. நான் சின்னப் பையனாக இருந்தபோது அது புதிய அணை. அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பெரிய அணை என்று சொல்ல முடியாது. மேட்டூரைப் பார்த்தவர்கள் இதைப் பார்த்தால் சிரிப்பார்கள். உயரம் 46 அடி. கொள்ளுவது 560 மில்லியன் கன அடி. ஆனால் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் இதை நம்பி இருக்கிறது. பொட்டியம், கல்படை, மாயம்பாடி, பரங்கிநத்தம் என்று மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் எல்லாம் இங்கே வந்து சேருகின்றன.

அன்று மலை உச்சி கறுத்திருந்தது. கரையில் நின்ற வயதான லஸ்கர் ஒருவர் எங்களைக் கண்டதும் பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் பீடியை அணைத்தார். தண்ணீர் 44 அடிக்கு வந்துவிட்டால் அப்புறம் மழைக் காலத்தில் ஏற விடுவதில்லை, வருகிறதை அப்படியே ஆற்றில் விட்டு விடுவார்கள் என்று சொன்னார்.

"46 அடி இருக்கும்போது ஏன் 44 அடியோடு நிறுத்துகிறீர்கள்? இரண்டு அடித் தண்ணீர் வீண்தானே?" என்று கேட்டேன்.

லஸ்கர் மலையைக் காட்டினார். "மழை அங்க பேயுதுங்க. நான் இங்க நிக்கிறேன். அங்க பேஞ்சது இங்க வந்து சேர நேரம் ஆவும். நான் அளவுகோலைப் பார்த்து, மேல சொல்லி, உத்தரவு வந்து, கதவைத் தூக்கறதுக்குள்ள இன்னும் கொஞ்சம் நேரம் ஆவும். 46 வரைக்கும் காத்திருந்தா, அப்புறம் காத்திருக்க நான் இருக்க மாட்டேங்க."

பையன் என் கையைக் கிள்ளினான். "மாமா, டெட் டைம்! புஸ்தகத்துல ஆறாவது அத்தியாயம்!" என்றான். புஸ்தகத்தில் என்ன பெயர் இருந்தாலும் சரி, தமிழில் அதற்குத் தாமதம் என்று பெயர். தப்பு நடக்கிற இடம் ஒன்று, அதைப் பார்க்கிற கண் இன்னோரிடம், திருத்துகிற கை வேறோரிடம். நடுவில் போகிற நேரம்தான் ஆளை விழுங்குகிறது.

லஸ்கர் இன்னொன்றும் சொன்னார். அளவுகோலை மட்டும் பார்த்தால் போதாதாம். தண்ணீரின் நிறத்தையும் பார்க்க வேண்டுமாம். செம்மண் கலங்கி, சருகும் சுள்ளியுமாக வந்தால் மேலே பலத்த மழை, பின்னால் இன்னும் வருகிறது என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரிகிறதை வைத்துக் கண்ணுக்குத் தெரியாததை ஊகிக்கிற இந்த வித்தையைக் கணக்காக்கிக் காட்டியதற்காகத்தான் 1960-ல் ருடால்ஃப் கால்மன் என்ற விஞ்ஞானி பெரும் புகழ் பெற்றார். சந்திரனுக்குப் போன அப்பல்லோ விண்கலங்கள் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொண்டது அந்தக் கணக்கினால்தான். கச்சிராயபாளையத்து லஸ்கருக்கு அது தெரியாது. தெரிந்தாலும் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, "அப்படிங்களா?" என்றிருப்பார்.

அணையின் மேல் நின்றுகொண்டு மலையைப் பார்த்தபோது எனக்கு வேறொரு நினைவு வந்தது. அந்த மலையில் மூன்று ஜாகீர்கள் இருந்தன. ஜடய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்று மூன்று வம்சத்தார் மலையாளிப் பழங்குடிகளை ஆண்டு வந்தார்கள். ஜனங்கள் ஜாகீர்தார் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். கீழே தேசம் சுதந்திரம் அடைந்து கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்த பிறகும் மேலே அது நடந்தது. 1976-ல்தான் முடிவுக்கு வந்தது. மேலிருந்து கீழே கட்டளை வரும். கீழிருந்து மேலே ஒரு சொல்லும் போகாது. இப்படிப்பட்ட ஏற்பாட்டுக்கும் பையனின் புஸ்தகத்தில் ஒரு பெயர் இருக்கிறது: திறந்த சுற்று. பெயர் நன்றாகத்தான் இருக்கிறது!

நம் பக்கத்து ஏரிப் பாசனம் அப்படிப்பட்டதல்ல. ஏரிக்கு ஒரு நீர்க்கட்டி உண்டு. மடையைத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டால் அவன் நீர்க்கட்டி அல்ல. வாய்க்காலோடு கடைமடை வரைக்கும் நடக்க வேண்டும். எந்த வயல் காய்ந்திருக்கிறது, எதில் வரப்புத் தளும்புகிறது என்று பார்க்க வேண்டும். திரும்பி வந்து மடையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். ஏரி நிரம்பினால் யாரும் உத்தரவு போடாமலே கலிங்கு வழியாகத் தண்ணீர் தானே வழிந்துவிடும். நீர் ஏறுவதே அதை வெளியேற்றுவதற்கு உத்தரவு. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அலெக்ஸாண்டிரியாவில் க்டெஸிபியோஸ் என்பவர் நீர்க் கடிகாரத்தில் ஒரு மிதவையைப் போட்டுத் தண்ணீர் அளவைத் தானாகவே ஒரே மட்டத்தில் நிற்கச் செய்தார். உங்கள் வீட்டு மாடித் தொட்டியில் மிதக்கும் பந்து அவருடைய கொள்ளுப் பேத்தி.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எங்கள் பழைய கிணற்றைத் தாண்டினோம். அங்கே நடந்த ஒரு சம்பவத்தைப் பையனுக்குச் சொன்னேன். அப்போது எனக்கு வயது பன்னிரண்டு. எங்கள் கிணற்றுக்கு மின்சாரம் வரவில்லை. அப்பா ஓர் ஆயில் என்ஜின் வாங்கிப் போட்டிருந்தார். பெரிய சக்கரம் சுழல, குழாயிலிருந்து புகை வளையம் வளையமாகப் போக, அது "டுக்கு டுக்கு" என்று பாடுவது எனக்கு எந்தச் சங்கீதத்தையும் விடப் பிடித்திருந்தது. அதன் விலாவில் குட்டியாக ஒரு யந்திரம் இருந்தது. அதற்குக் கவர்னர் என்று பெயர். என்ஜின் வேகமாக ஓடினால் அது எண்ணெயைக் குறைக்கும், மெதுவானால் கூட்டும். "நம்ம கிண்டியிலே இருக்காரே, அந்தக் கவர்னர் மாதிரியா?" என்று அப்பாவைக் கேட்டேன். "அவரை விட இது கொஞ்சம் வேலை செய்யும்" என்றார் அப்பா.

அந்த வருஷம் வறட்சி. நெல் பால் பிடிக்கிற சமயம். தண்ணீர் இறைப்பது போதவில்லை. என்ஜின் ஓட்டியவர் கெட்டிக்காரர். "இந்தக் கவர்னர் சனியன்தான் எண்ணெயை மறிக்குதுங்க" என்று சொல்லி, ஒரு கட்டுக் கம்பியை எடுத்து எண்ணெய் திறந்தே இருக்கும்படி அதைக் கட்டிவிட்டார். என்ஜின் பிய்த்துக்கொண்டு ஓடிற்று. இரண்டு நாள் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டிற்று. பக்கத்துக் கொல்லைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுத் தாங்களும் கம்பி வாங்கப் போனார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் பெல்ட் நழுவிற்று. இழுத்துக்கொண்டிருந்த பாரம் ஒரே கணத்தில் இல்லாமல் போயிற்று. "பாரம் இல்லை, எண்ணெயைக் குறை" என்று சொல்ல வேண்டிய கவர்னர் கட்டுண்டு கிடந்தது. என்ஜின் ஊளையிட்டது. அந்தச் சத்தத்தை இன்றைக்கும் சில சமயம் கனவில் கேட்கிறேன். எல்லாரும் ஓடினோம். அடித்தளத்துப் போல்ட்டுகள் பிடுங்கிக்கொண்டு, உள்ளே தண்டு முறிந்து, வார்ப்பிரும்பைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. ஒருவருக்கும் காயம் இல்லை. நெல்தான் பதராயிற்று. அடுத்த வருஷம் அப்பா அந்தக் கொல்லையை விற்றார்.

கவர்னர் என்கிற அந்தச் சின்ன யந்திரத்துக்குப் பெரிய பரம்பரை உண்டு. 1788-ல் ஜேம்ஸ் வாட் தம்முடைய நீராவி யந்திரத்துக்கு அதைப் பூட்டினார். அதற்கு முன்பே மாவரைக்கும் காற்றாலைக்காரர்கள் அப்படி ஒன்றை வைத்திருந்தார்கள். இரண்டு இரும்புக் குண்டுகள் ராட்டினம் போல் சுற்றும். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து மேலே எழும். எழும்போது நீராவிக் கதவைக் கொஞ்சம் மூடும். வேகம் குறைந்தால் குண்டுகள் தொங்கும், கதவு திறக்கும். பார்க்கப் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஆலைகளில் பெரிய யந்திரங்கள் வந்த பிறகு ஒரு விபரீதம் தெரிந்தது. சில கவர்னர்கள் வேகத்தை அடக்குவதற்குப் பதிலாக ஆட்டம் போட வைத்தன. யந்திரம் ஓடும், தளரும், மறுபடி ஓடும், மறுபடி தளரும். மெக்கானிக்குகள் இதை ஹண்டிங் என்பார்கள், அதாவது வேட்டை. கவர்னரை இன்னும் நுட்பமாக, இன்னும் சுறுசுறுப்பாகச் செய்தால் சரியாகும் என்று நினைத்தார்கள். அப்படிச் செய்யச் செய்ய ஆட்டம் அதிகமாயிற்று!

இதற்குக் காரணம் கண்டுபிடிக்க மாக்ஸ்வெல் வந்தார். மின்சாரமும் காந்தமும் ஒளியும் ஒன்றே என்று காட்டிய அதே மாக்ஸ்வெல்தான். 1868-ல் ராயல் சொஸைட்டியில் கவர்னர்களைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். ஒரு யந்திரத்தைத் தட்டிவிட்டால் ஏற்படும் குலுக்கம் அடங்குமா, வளருமா என்பதை அதன் சமன்பாட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்றார். சின்னச் சமன்பாடுகளுக்கு விடையும் சொன்னார். பெரியதாகப் போனபோது அவருக்கே தட்டுக் கெட்டது. லண்டன் கணித சபையில் கேட்டுப் பார்த்தார். முழு விடை கிடைக்கவில்லை.

இங்கேதான் எனக்குப் பிடித்தமான பாகம் வருகிறது. 1854-ல் கேம்பிரிட்ஜில் கணிதப் பரீட்சை நடந்தபோது மாக்ஸ்வெல் இரண்டாவதாகத்தான் தேறினார். முதலாவதாக வந்தவர் எட்வர்ட் ரௌத். பிற்காலத்தில் உலகம் மாக்ஸ்வெல்லைக் கொண்டாடிற்று. ரௌத்தோ கேம்பிரிட்ஜிலேயே உட்கார்ந்து பையன்களைப் பரீட்சைக்குத் தயார் செய்துகொண்டிருந்தார். நம் ஊர் டியூஷன் வாத்தியார் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். மாக்ஸ்வெல் விட்ட அதே பிரச்னையை ஆடம்ஸ் பரிசுக்கு விஷயமாக வைத்தார்கள். வைத்த பரீட்சகர்களில் மாக்ஸ்வெல்லும் ஒருவர். 1877-ல் பரிசு வாங்கியவர் டியூஷன் வாத்தியார் ரௌத். எண்களைப் படி படியாக எழுதி, முதல் பத்தியில் ஒரு குறி மாறினாலும் யந்திரம் ஆடும் என்று சொல்லிவிடுகிற அட்டவணையை அவர் கொடுத்தார். இன்றைக்கும் எலெக்ட்ரிகல் பையன்கள் பரீட்சையில் அந்த அட்டவணையைப் போட வேண்டும்.

"அதைத்தான் மாமா நான் ஒவ்வொரு தடவையும் தப்பாப் போடறேன்!" என்றான் மருமான். மாக்ஸ்வெல்லாலேயே முடியாமல் போன கணக்கு என்று தெரிந்ததில் அவனுக்குப் பரம சந்தோஷம். வாத்தியார் இதை வகுப்பில் சொல்லவில்லையாம். சொல்லியிருந்தால் பாடத்தின் மேல் இத்தனை பயம் வந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

அன்று சாயங்காலம் பக்கத்துத் தெருவில் கூத்துக்கு மைக் கட்டினார்கள். கட்டியங்காரன் வாயைத் திறப்பதற்கு முன்பே மைக் "ஊய்ங்" என்று கத்திற்று. ஒலிபெருக்கியின் சத்தம் மைக்குக்குள் போகிறது. அது பெரிதாகி மறுபடி ஒலிபெருக்கியில் வருகிறது. வந்தது மறுபடி உள்ளே போகிறது. ஊர் வம்பு வளர்வதும் இப்படித்தான்.

இந்தப் பிசாசை வேலைக்காரனாக்கியவர் ஹெரால்ட் பிளாக். அமெரிக்காவில் பெல் கம்பெனியில் இருந்தார். நெடுந்தூர டெலிபோனுக்கு வழியெல்லாம் ஒலியைப் பெருக்க வேண்டும். ஒவ்வொரு பெருக்கியும் குரலைக் கொஞ்சம் கெடுக்கும். கெட்டது மேலும் கெட்டுக் கடைசியில் பேசுகிறவர் யார் என்றே தெரியாது. ஆறு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டார். 1927, ஆகஸ்ட் 2-ந் தேதி காலையில் ஹட்ஸன் நதியைப் படகில் தாண்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தபோது பளிச்சென்று தோன்றிற்று. வேண்டியதை விடப் பல மடங்கு பெருக்கு. பிறகு வெளியே வந்ததில் ஒரு பங்கை எடுத்துத் தலைகீழாக உள்ளே கொடு. பெருக்கம் குறையும், ஆனால் அதே மடங்குக்குக் கேடும் குறையும். கையில் இருந்த நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் காலியாக இருந்த ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டார். பேடண்ட் கிடைக்க ஒன்பது வருஷம் ஆயிற்று. பெருக்கியதை வேண்டுமென்றே குறைப்பானேன் என்பது உத்தியோகஸ்தர்களுக்குப் புரியவில்லை. ஐந்து வருஷம் கழித்து, 1932-ல், ஹாரி நைக்விஸ்ட் இன்னொரு நூலைச் சேர்த்தார். திருப்பி அனுப்புகிற திருத்தம் நேரம் தவறி வந்தால், "வேண்டாம்" என்று சொல்ல வந்தது "இன்னும் இன்னும்" என்று சொல்லிவிடும். ஊஞ்சலை நிறுத்தப் போகிறவர் தப்பான சமயத்தில் கை வைத்தால் இன்னும் உயரத் தள்ளிவிடுவது போல. எப்போது அப்படி ஆகும் என்று படம் போட்டே பார்த்துவிட அவர் வழி சொன்னார். லஸ்கரின் 44 அடிக்கு இதுதான் சாஸ்திரப் பிரமாணம்.

கவர்னர் என்ற சொல்லைத் தோண்டிக்கொண்டு போனால், லத்தீன் வழியாகக் கிரேக்கத்தில் படகுக்குச் சுக்கான் பிடிப்பவன் என்று போய் முடிகிறது. 1948-ல் நார்பர்ட் வீனர் இந்த விஞ்ஞானத்துக்கே சைபர்னெட்டிக்ஸ் என்று பேர் வைத்ததும் அதே சுக்கான்காரனை நினைத்துத்தான்.

இராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மாப்பிள்ளையிடம் பேச்சுக் கொடுத்தேன். "நம் ஊரில் மோட்டார் அதிகமாக எரிந்த காலம் எது?" என்று கேட்டேன். வழக்கு விசாரணை என்று அவருக்குத் தெரியாது. உற்சாகமாகிவிட்டார். "தொண்ணூறுகள்தான் மச்சான்! கடையில் நிற்க இடம் இருக்காது. மோட்டார் வரிசை கட்டி நிற்கும்!" என்றார்.

அந்த வரிசைக்கும் அப்பாவின் ஆயில் என்ஜினுக்கும் உறவு உண்டு. நம் ராஜதானியில் 1932-ல் பைகாரா, 1937-ல் மேட்டூர், 1944-ல் பாபநாசம் என்று நீர் மின்சாரம் வந்தது. அனல் நிலையங்கள் வந்தன. எல்லாவற்றையும் கம்பியால் பிணைத்தார்கள். பிறகு தென் மாநிலங்கள் எல்லாம் ஒரே வலையாயின. இப்படிப் பிணைத்த யந்திரங்கள் அத்தனையும் ஒரே தாளத்தில் சுழல வேண்டும். விநாடிக்கு 50 அலை என்பது தாளம். ஜனங்கள் இழுக்கிற மின்சாரம் உற்பத்தியை விட அதிகமானால் வலை முழுவதும் தாளம் தளரும், குறைந்தால் விரையும். வைத்தியர் நாடி பார்ப்பது போல், கள்ளக்குறிச்சியில் ஒரு பிளக்கில் அளந்தாலும் வலை முழுவதற்கும் பாரம் மிஞ்சுகிறதா, உற்பத்தி மிஞ்சுகிறதா என்று தெரியும். ஒவ்வொரு நிலையத்திலும் டர்பைனுக்கு ஒரு கவர்னர் உண்டு. தாளம் தளர்ந்தால் எல்லாக் கவர்னர்களும் தத்தம் சக்திக்குத் தக்கபடி கதவைக் கொஞ்சம் கொஞ்சம் திறந்து பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

நடந்தது என்ன தெரியுமா? நம் தேசத்தில் பல நிலையங்கள் கவர்னர்களைக் கட்டிப் போட்டிருந்தன! கட்டுக் கம்பியால் அல்ல. அதற்கென்று நாகரிகமான ஏற்பாடுகள் உண்டு. அவர்கள் பேரிலும் முழுக் குற்றம் சொல்ல முடியாது. தாளம் 48-க்குக் கீழேயும் 52-க்கு மேலேயும் அலைந்துகொண்டிருந்தது. கவர்னரை அவிழ்த்துவிட்டால் நம் யந்திரம் மட்டும் நாள் முழுவதும் தலையாட்டிக்கொண்டு தேய வேண்டும். மற்றவன் கட்டிப் போட்டுக்கொண்டு சும்மா இருப்பான். போதாதற்கு, அதிகம் உற்பத்தி செய்தால் ஊக்கத் தொகை. நடு ராத்திரியில் யாருக்கும் மின்சாரம் வேண்டாத வேளையிலும் குறைக்க மாட்டார்கள். எல்லாரும் கட்டிப் போட்டதால் தாளம் இன்னும் அலைந்தது. இன்னும் அலைந்ததால் எல்லாரும் இன்னும் இறுக்கிக் கட்டினார்கள்.

தாளம் 50-லிருந்து 48-க்கு இறங்கினால் கிணற்று மோட்டாரின் வேகம் நூற்றுக்கு நாலு குறையும். தண்ணீரை மேலே தள்ளும் சக்தி நூற்றுக்கு எட்டுக் குறையும். ஆழக் கிணற்றில் அது போதும், மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. அதோடு வோல்டேஜும் இறங்கினால் காயில் கருகும். 1990-ல் குடியானவர்கள் எல்லாருக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. ஆனால் மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? நடு ஜாமத்தில் வந்தால் கொல்லைக்கு ஓட வேண்டும். ஆகவே ஆட்டோ ஸ்டார்ட்டர் பூட்டிக்கொண்டார்கள். மின்சாரம் வந்ததும் மோட்டார் தானே கிளம்பிவிடும். ஒருவர் வைத்தால் அவருக்கு லாபம். எல்லாரும் வைத்தால்? வந்த அடுத்த விநாடியே ஊரிலுள்ள அத்தனை மோட்டாரும் ஒரே சமயத்தில் கிளம்பும். மோட்டார் கிளம்பும்போது ஓடுவதைப் போல் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். வோல்டேஜ் பாதாளத்துக்குப் போகும். எந்த மோட்டாரும் சரியாகக் கிளம்பாது. எல்லாம் முனகிக்கொண்டே சூடாகும். அப்புறம் டிரான்ஸ்பார்மர் புகையும். மறுநாள் காலை மாப்பிள்ளை கடை வாசலில் வரிசை.

"அது சரி, அப்புறம் ஏன் வரிசை குறைந்தது?" என்றேன்.

"என்னமோ மச்சான், இரண்டாயிரத்து மூன்று, நாலுக்கு அப்புறம் கரண்ட் கொஞ்சம் ஒழுங்காயிற்று. என் வியாபாரம் படுத்தது" என்றார் அவர்.

அந்த 'என்னமோ'வுக்கும் சரித்திரம் உண்டு. கவர்னர்களை அவிழ்த்துவிடு என்று கிரிட் விதிகள் சொல்லின. சொன்னால் கேட்பார்களா? பானு பூஷண் என்ற என்ஜினீயர் முன்னின்று உருவாக்கிய ஒரு விலைத் திட்டம் 2003, ஜனவரி முதல் தேதியிலிருந்து தென் மாநிலங்களில் அமலுக்கு வந்தது. சொன்ன அளவுக்கு மேல் மின்சாரம் இழுத்தால், அந்த நிமிஷத்தில் தாளம் எங்கே இருக்கிறதோ அதைப் பொறுத்து விலை. 50.5-ஐத் தொட்டால் விலை பூஜ்யம். 49-ஐ நெருங்க நெருங்க உச்சம். தாளம் தளர்ந்தபோது கொடுத்தவனுக்குப் பணம், இழுத்தவனுக்குத் தண்டம். பிளாக் படகில் எழுதியதும் ரௌத் அட்டவணை போட்டதும் இங்கே ரூபாய்க் கணக்காக வந்து சேர்ந்தன. பல வருஷ உத்தரவுகளால் ஆகாதது சில மாதங்களில் ஆயிற்று: தாளம் பெரும்பாலும் 49-க்கும் 50.5-க்கும் நடுவில் நின்றது. பற்றாக்குறை மட்டும் தீரவில்லை. அதைத் தீர்க்க மின்சாரம் வேண்டுமே தவிர விலைப் பட்டியல் போதாது. 2012-ல் நம் ஜில்லாக்களில் தினமும் பல மணி நேரம் விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, மறந்துவிடுமா?

அதே 2012, ஜூலை 30, 31 இரண்டு நாட்களும் வட இந்தியா இருண்டது. இரண்டாம் நாள் இருட்டில் சிக்கியவர்கள் சுமார் 60 கோடிப் பேர். அளவுக்கு மீறி இழுத்தது ஒரு காரணம். எச்சரித்தும் கை மெதுவாக அசைந்தது இன்னொரு காரணம். தெற்கே நாம் தப்பினோம். நம் வலை அப்போது வடக்கோடு நேர் மின்சாரக் கம்பிகளால் மட்டும் தொடுக்கப்பட்டிருந்ததால் அவர்கள் தாளம் தவறியது நம்மைத் தொற்றவில்லை. 2013, டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் கம்பியில் நாமும் ஒரே தாளத்தில் சேர்ந்துவிட்டோம். இப்போது காஷ்மீரத்தில் சுழலும் டர்பைனும் நெய்வேலியில் சுழல்வதும் கைகோத்துக்கொண்டு சுழல்கின்றன.

மாப்பிள்ளை வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. தெருவில் கூத்து நடந்துகொண்டிருந்தது. மைக் இடைக்கிடையே ஊளையிட்டது. "அப்போ என் பிழைப்பே இவன் பாடத்தை யாரும் ஒழுங்காப் படிக்காததால் நடந்ததுன்னு சொல்றீங்க" என்றார். நான் அப்படிச் சொல்லவில்லை. அவராகச் சொன்னார். பிறகு பையனைப் பார்த்து, "எப்போடா பரீட்சை?" என்று கேட்டார்.

சித்திரையில் பரீட்சை எழுதினான். ரௌத் அட்டவணை வந்ததாம். தப்பில்லாமல் போட்டதாகச் சொல்கிறான். அவன் சொல்வதை நம்புகிறேன். மூன்று தடவையும் அவன் எங்கே தவறினான் என்று அவனுக்குத் தெரிந்ததே இல்லை. எழுதி இரண்டு மாதம் கழித்து ஒரு எண் வரும். அதற்குள் அடுத்த பாடங்கள் பாதி முடிந்திருக்கும். எந்தக் கணக்கு, எந்த வரி என்று சொல்ல ஆள் இல்லை. இந்த ஏற்பாட்டைச் செய்தவர்களில் ஒருவராவது இந்தப் பாடத்தைப் படித்திருப்பார் அல்லவா?

ரிசல்ட் இன்னும் வரவில்லை. தங்கை தினம் இரண்டு தடவை டெலிபோனில் கூப்பிட்டு, "வந்ததா? ஏதாவது தெரிந்ததா?" என்று என்னைக் கேட்கிறாள். மாப்பிள்ளை கடையில் ஓர் ஓரமாக அவனுக்கு ஒரு பெஞ்சு போட்டுக் கொடுத்திருக்கிறார். ஆட்டோ ஸ்டார்ட்டருக்கு உள்ளே ஏதோ ஒன்றைப் பொருத்தி, ஒவ்வொரு மோட்டாரும் வெவ்வேறு நேரம் பொறுத்துக் கிளம்பும்படி செய்து பார்க்கிறானாம். முதல் ஸ்டார்ட்டரை எங்கள் பழைய கொல்லைக்காரர் வாங்கிக்கொண்டு போனார். மற்றவர்கள், அவர் மோட்டார் நிஜமாகவே எரியாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.